ஒரு கால் எப்போதும் தரையில்

என் அண்ணன் மருதமுத்து ஓடி நான் பார்த்ததே இல்லை. திடீரென்று மழை பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். அவர் நடப்பார். ஓடியவர்களுக்கு முன்னால் கூரைக்கடியில் போய் நின்றுகொண்டு, "என்ன, எல்லாரும் நனைஞ்சிட்டீங்களா?" என்று கேட்பார். கர்வம் பிடித்த மனிதர்தான். ஆனால் அந்தக் கர்வத்தைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் குறை சொன்னதில்லை. வாய் சொன்னதைக் கால் செய்து காட்டிவிடும்.

ஐம்பத்து மூன்றிலிருந்து அறுபத்து இரண்டு வரை, ஒரே ஓர் ஆண்டைத் தவிர, மலாக்கா மாநில நடைப் பந்தயத்தில் முதலில் வந்தவர் அவர். கோலாலம்பூரிலும் இரண்டு முறை பதக்கம் வாங்கினார். முழங்கால் தேய்ந்த பிறகு பந்தயத்தை விட்டுவிட்டு, செமாபோக்கில் சொந்தமாக ஒரு தேத்தண்ணிக் கடை போட்டார். போன மாதம் அந்தக் கடையில்தான், கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே, நெஞ்சு வலித்துப் போய்விட்டார். சுடுகாட்டுக்கு எடுத்துப் போனபோது பழைய நடைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் பின்னால் வந்தார்கள். அவரோடு அவ்வளவு மெதுவாக நடந்து அவர்களுக்குப் பழக்கமில்லை. அவர்களுடைய கால்களைப் பார்த்தாலே அது தெரிந்தது.

அவர் இறந்த செய்தியைப் பத்திரிகையில் நான்கு வரியில் போட்டிருந்தார்கள். வென்ற ஆண்டுகளெல்லாம் சரியாக இருந்தன. விட்டுப்போன அந்த ஓர் ஆண்டையும், அதற்கு அடுத்த ஆண்டையும் பற்றித்தான் நான் எழுத நினைக்கிறேன். அண்ணன் யார் என்பது அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

நாகூர் மீரான் நானாவின் தேத்தண்ணிக் கடை மலாக்கா ஆற்றோரத்தில், ரப்பர் கிடங்குகளுக்கும் கப்பல் ஏஜெண்டுகளின் ஆபீசுகளுக்கும் நடுவில் இருந்தது. அப்பா இறந்த கையோடு அண்ணன் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். கடையில் உட்கார்ந்து குடிப்பவர்களைவிட, ஆபீசுக்கு வரவழைத்துக் குடிக்கும் கிராணிமார்களே, அதாவது குமாஸ்தாக்களே, அதிகம். கைப்பிடி வைத்த கம்பித் தூக்கு ஒன்றில் ஆறு கண்ணாடிக் குவளைகள் நிற்கும். மெதுவாகக் கொண்டுபோனால் ஆறிவிட்டது என்று திருப்பி அனுப்புவார்கள். ஓடினால் பாதி தெருவில் சிந்திவிடும். அண்ணன் இரண்டுக்கும் நடுவில் ஒரு நடையைத் தன் இடுப்பில் கண்டுபிடித்தார். தலையும் தோளும் அசையாது. இடுப்புக்குக் கீழே மட்டும் வேலை மும்முரமாக நடக்கும்.

"இவனோட மேல்பாதி நாற்காலியில உக்காந்திருக்கு, கீழ்பாதி பஸ்ஸைப் பிடிக்கப் போவுது" என்பார் நானா.

ஐம்பத்தொன்றில் ஒரு நாள், கடற்கரைச் சாலையில் வெள்ளை அரைக்கால் சட்டையும் வெள்ளைச் சப்பாத்துமாக ஒருவர் விசித்திரமாகக் கையை வீசிக்கொண்டு நடந்து கொண்டிருந்தார். அவர் பெயர் ஜெயபாலன். நகராட்சி ஆபீசில் கிராணி. பந்தயத்துக்காகப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். பின்னாலிருந்து, "சார், கொஞ்சம் வழி விடுங்க, சூடா இருக்கு" என்று ஒரு குரல் கேட்டது. திரும்புவதற்குள் அண்ணன் ஆறு குவளைத் தேத்தண்ணியோடு அவரைத் தாண்டிப் போயிருந்தார்.

மறுநாள் ஜெயபாலன் கடைக்கே வந்துவிட்டார்.

"நீ நடைப் போட்டியில சேரணும்."

"என்ன போட்டி?"

"நடக்கிற போட்டி. ஓடக் கூடாது. எப்பவும் ஒரு கால் தரையில இருக்கணும். ரெண்டு காலும் ஒரே நேரத்துல மேல போனா ஓட்டம்னு அர்த்தம். வெள்ளைக் கொடி காட்டினா எச்சரிக்கை, சிவப்புக் கொடி காட்டினா வெளியே."

அண்ணன் நானாவைத் திரும்பிப் பார்த்தார். "நடக்கிறதுக்கே போட்டி வச்சிட்டாங்களாம் நானா. உக்கார்றதுக்கு எப்ப வப்பாங்க?"

"வச்சா நம்ம கடை ஆளுங்கதான் மொத்தப் பரிசையும் தூக்குவாங்க" என்றார் நானா. "நீ போ. ஜெயிச்சா கடைக்குப் பேரு. தோத்தா உன் பேரு."

முதல் பந்தயத்தில் அண்ணன் மூன்றாவதாக வந்தார். வழிநெடுக ஜனங்கள் சிரித்தார்கள். இடது கை ஒழுங்காக வீசியது. வலது கை மட்டும் தூக்கைப் பிடித்திருப்பதுபோல் விலாவோடு ஒட்டிக்கொண்டு விறைப்பாகவே இருந்தது. "அண்ணே, ஒரு கோப்பி ஓ!" என்று பாலில்லாத கோப்பி கேட்டு ஒருவன் கத்தினான். "திரும்பி வர்றப்ப தர்றேன்!" என்று இவரும் பதில் சொன்னார். அதன் பிறகு ஒரு நாள் வலது கை, ஒரு நாள் இடது கை என்று தூக்கை மாற்றி மாற்றிப் பிடிக்க ஆரம்பித்தார். இடது கை பழகும்வரை எத்தனை குவளை உடைந்தது என்பதை நானா கடைசிவரை சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டு ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் நடந்தது. ஐம்பது கிலோமீட்டர் நடையில் ஓர் இத்தாலியர் வென்றார். ஜெயபாலன் அவருடைய படத்தை ஒரு சஞ்சிகையிலிருந்து வெட்டிக்கொண்டு வந்து கடைச் சுவரில் ஒட்டினார். ஒல்லியான மனிதர், நீண்ட கால்கள், முகத்தில் களைப்பே இல்லை. அண்ணன் தூக்கைக் கீழே வைத்துவிட்டு அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். உலக சாம்பியனைப் பார்த்து என்ன சொல்லப்போகிறார் என்று நாங்கள் காத்திருந்தோம்.

"நல்லாத்தான் நடக்கிறாரு" என்றார் கடைசியில். "தோளை மட்டும் இன்னும் கொஞ்சம் தளர்த்தலாம்."

அதற்கடுத்த ஆண்டே மாநிலப் போட்டியில் முதலில் வந்தார். ஐம்பத்து நான்கு, ஐம்பத்தைந்திலும் அப்படியே. எதிராளிகளை அவராகவே உண்டாக்கிக்கொண்டார் என்றுகூடச் சொல்லலாம். கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தின்போது புக்கிட் ரம்பாய் சாலையில் போலீஸ் தடுப்பு போட்டிருப்பார்கள். இவர் அதிகாலையில் அந்தப் பக்கம் விறுவிறுவென்று போவதைப் பார்த்து, ஒஸ்மான் என்ற கான்ஸ்டபிளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பந்தயப் பயிற்சி என்று இவர் சொன்னதை அவர் நம்பவில்லை. கூடவே டவுன்வரை நடந்து வந்து நானாவிடம் விசாரித்த பிறகுதான் விட்டார். ஆனால் அவ்வளவு தூரம் அண்ணனுக்கு ஈடுகொடுத்து நடந்தவர் அதுவரை யாரும் இல்லை. "நீ பந்தயத்துக்கு வா ஒஸ்மான், எனக்கும் போரடிக்குது" என்று அவரைச் சேர்த்துவிட்டவர் அண்ணன்தான். ஐம்பத்தைந்தில் ஒஸ்மான் இரண்டாவதாக வந்தார். இடைவெளி பாதி தெருகூட இல்லை.

ஐம்பத்தாறில் பந்தயப் பாதையை மாற்றினார்கள். கடலோரப் பாடாங் மைதானத்தில் தொடங்கி, புக்கிட் ரம்பாய் பக்கம் போய், செங் வழியாகத் திரும்பி, காஜா பேராங் ரோட்டில் நுழைந்து, ஆற்றுப் பாலம் தாண்டி மறுபடி பாடாங்கில் முடியும். அந்தப் பாதையைக் கேட்டதும் எங்கள் தெருவுக்குத் தலைகால் புரியவில்லை. சாம்பியன் தன் வீட்டு வாசல் வழியாகவே நடக்கப்போகிறார்!

எங்கள் வீடு காஜா பேராங் ரோட்டில், பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய மலாக்கா செட்டிகளின் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி இருந்தது. மாரியம்மன் தேர் அந்த வழியாக வரும்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நடுரோட்டில் தேங்காய் உடைப்பார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். பெரிதாக எது வாசலைக் கடந்தாலும் அதற்கு ஒரு தேங்காய் உடைக்க வேண்டும் என்பது எங்கள் அம்மா ருக்மணியின் கணக்கு. அம்மா இடியப்பம் அவித்து விற்பவள். தினமும் தேங்காய் உடைத்து உடைத்துக் கை பழகியவள். அவள் உடைத்தால் சரிபாதியாகத்தான் பிளக்கும். அதில் அவளுக்குப் பெருமை உண்டு.

நான் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தேன். வாசலில்தான் நின்றேன். அண்ணன் முதலில் வந்தார். பின்னால் சற்றுத் தூரத்தில் ஒஸ்மானின் தொப்பி தெரிந்தது. தெரு முழுக்கக் கூச்சல். பக்கத்து வீட்டு கோகிலா அக்கா செட்டிப் பெண். மலாய்தான் பேசுவார், சாமி பெயர்கள் மட்டும் தமிழில் வரும். அவர், "ஜாங்கான் லாரி, மருது! ஜாலான், ஜாலான்!" என்று கத்தினார். ஓடாதே, நட என்று அர்த்தம். சரியாக அண்ணன் நெருங்கும் நேரம் பார்த்து அம்மா தேங்காயைத் தலைக்கு மேல் தூக்கி நடுரோட்டில் ஓங்கி அடித்தாள்.

அன்றைக்கு அது சரிபாதியாகப் பிளக்கவில்லை. ஏழெட்டுச் சில்லாகத் தெறித்தது. தேங்காய்த் தண்ணீர் தார் ரோட்டில் பரவியது. அண்ணனின் சப்பாத்து மெல்லிய கேன்வாஸ். கூரான ஓடு ஒன்று நேராக அவருடைய காலடியில் வந்து நின்றது. யாராக இருந்தாலும் செய்வதைத்தான் அவரும் செய்தார். தாண்டினார். இரண்டு காலும் ஒரே நேரத்தில் மேலே போயின.

எதிர்ப்புறம் தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்ற நடுவர் மொந்தேரோ, சுங்க ஆபீசில் வேலை பார்க்கும் போர்த்துகீசியக் கலப்பு வம்சத்துச் சீரானி, சிவப்புக் கொடியைத் தூக்கினார்.

அண்ணன் அந்தக் கொடியைப் பார்த்தார். பிறகு சட்டையில் குத்தியிருந்த எண் துணியைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் வந்தார். ஒஸ்மான் வாசலைக் கடந்து போவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

அம்மா பின்னாலேயே உள்ளே வந்தாள். "ஏன்டா நின்னுட்டே? என்னா கொடி அது?"

"தாண்டிட்டேம்மா. ரெண்டு காலும் மேல போச்சு. அதான் வெளியேத்திட்டாங்க."

"சாமிக்கு உடைச்ச தேங்காயைத் தாண்டலாமாடா? கூறு கெட்டவனே! அதான் தண்டிச்சிருச்சு."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மாலையில் ஜெயபாலன் வந்தார். வேடிக்கை பார்த்தவர்கள் பாதையில் இடைஞ்சல் செய்தால் நடைக்காரர் முறையிடலாம், முடிவை மாற்றவும் வாய்ப்பு உண்டு என்றார். "தேங்காய் உடைச்சது இடைஞ்சல்னு எழுதி நீ கையெழுத்துப் போட்டாப் போதும்."

"யாரு இடைஞ்சல்?"

"இல்ல... உடைச்சவங்க."

"எங்க அம்மாவை இடைஞ்சல்னு எழுதிக் கொடுத்துட்டு நான் கோப்பை வாங்கணுமா? போய்யா. நான் தாண்டினேன். அவரு கொடி காட்டினாரு. சரியாத்தான் காட்டினாரு."

அன்றைக்கு அதை எளிதாகத்தான் சொன்னார். ஆனால் அடுத்த நாள் தூக்கோடு ஆபீசுகளுக்குப் போனபோது நிலைமை வேறாக இருந்தது. சிவப்புக் கொடி மட்டும் ஊருக்குத் தெரிந்திருந்தது, தேங்காய் தெரியவில்லை. "வாங்க ஓட்டக்காரரே!" என்றார் ஒரு கப்பல் ஆபீஸ் கிராணி. "மூணு வருசமும் இப்படித்தானா? அப்பல்லாம் யாரும் பாக்கலையா?" என்றார் இன்னொருவர். அதைத்தான் அண்ணனால் தாங்க முடியவில்லை. தோற்றான் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். திருட்டுத்தனமாக ஓடினான் என்பது வேறு. வென்ற மூன்று ஆண்டுகளையும் சேர்த்து அது அழித்துவிடுகிறது.

"அடுத்த வருசம் அதே ரோட்டுல, அதே மொந்தேரோ நிக்கிறப்ப, ஒரு கொடியும் தூக்க விடாம நடந்து மொதல்ல வர்றேன்" என்றார் நானாவிடம். "அதுக்கப்புறம் எவன் பேசுறான்னு பாக்கலாம்."

"பேசுறவன் எப்பவும் பேசுவான்."

"பேசட்டும். தேத்தண்ணி ஆறிப்போவும்."

அதற்குள் எங்கள் தெருவும் ஆராய்ச்சி செய்து ஒரு முடிவுக்கு வந்திருந்தது. தேங்காய் நொறுங்கியதற்குக் காரணம் கண்ணேறு. மூன்று வருடம் தொடர்ந்து வென்றவன்மேல் எத்தனை கண் பட்டிருக்கும்? ஒரே ஒரு தேங்காயால் அத்தனையையும் தாங்க முடியவில்லை. ஆகவே ஒன்று போதாது. அம்மா கோயிலுக்குப் போய், அடுத்த ஆண்டு மகன் வாசலைக் கடக்கும்போது இருபத்தொரு தேங்காய் உடைப்பதாக அம்மனிடம் வேண்டிக்கொண்டு வந்துவிட்டாள். தெருவில் ஆளுக்கொன்று கொடுப்பதாக ஒப்புக்கொண்டார்கள். கோகிலா அக்கா இரண்டு கொடுப்பதாகச் சொன்னார்.

இதைக் கேட்டபோது அண்ணனின் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை.

"அம்மா, கோயில்லயே உடைச்சிடலாமே?"

"வாசல்லன்னு சொல்லிட்டேன்."

"சரி, வாசல்ல. ரோட்டோரமா, சாக்கடைப் பக்கம்..."

"தேருக்கு ஓரமாவாடா உடைக்கிறாங்க?"

"நான் போனப்புறம் உடைக்கலாமில்ல?"

"நீ கடக்கிறப்பன்னு சொல்லியிருக்கேன். அம்மன்கிட்ட வார்த்தையை மாத்தச் சொல்றியா?"

அம்மாவின் கையைப் பிடித்துத் தடுக்க அவரால் முடியாது. வேண்டுதலை மாற்றச் சொல்லவும் முடியாது. அப்படியே விட்டால் மறுபடி தாண்ட வேண்டிவரும், மறுபடி சிவப்புக் கொடி. பல நாள் யோசித்தார். பிறகு ஒரு காலையில் சுங்க ஆபீசுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனவர், மொந்தேரோவின் மேசையில் குவளையை வைத்துவிட்டு மலாயில் கேட்டார்.

"துவான், பந்தயத்துல நடுவழியில நின்னா தப்பா?"

மொந்தேரோ நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கு நிக்கணும்?"

"சும்மா கேக்கிறேன். நின்னா கொடி உண்டா?"

"ரெண்டு காலும் தரையில இருக்கு. அதுக்கு எப்படிக் கொடி காட்டறது? தப்பில்லை." ஒரு வாய் குடித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "முட்டாள்தனம், அவ்வளவுதான்."

அண்ணன் கடைக்குத் திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. வாசலில் நிற்பது என்று முடிவு செய்துவிட்டார். தேங்காய் உடைக்கட்டும், வழியைப் பெருக்கட்டும், திருநீறு பூசட்டும், பிறகு போகலாம். அவ்வளவு நேரம் நிற்பதற்கு வேண்டிய தூரத்தைச் செங் வருவதற்குள் முன்னால் போய்ச் சம்பாதித்துவிட வேண்டும். அதற்கப்புறம் அந்த ஓராண்டும் அவர் பயிற்சி செய்த விதம் வேடிக்கையாக இருக்கும். முழு வேகத்தில் வந்து கடை வாசலில் சட்டென்று நிற்பார். தூக்கில் இருக்கும் தேத்தண்ணி அலுங்காது. மறுபடி முதல் அடியிலேயே முழு வேகம்.

"நிக்கிறதுக்கும் பயிற்சியா?" என்றார் நானா. "நம்ம கடையில அதுக்கு வாத்தியாருங்க நிறைய இருக்காங்களே!"

ஐம்பத்தேழு ஆகஸ்டில் மெர்டேக்கா வந்தது. ஊர் முழுக்கத் தோரணம், ஆற்றுப் பாலத்தில் புதுக்கொடி. கொண்டாட்டத்தின் தொடர்ச்சியாக அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மாநிலப் பந்தயம். சுதந்திர நாட்டின் முதல் பந்தயம் என்பதால், வெல்பவர் கோலாலம்பூர் போட்டிக்குப் போவார் என்று அறிவித்திருந்தார்கள். கப்பல் ஆபீஸ் கிராணிகள் பாடாங்கில் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எங்கள் வாசலில் இருபத்தொரு பேர் ஆளுக்கொரு தேங்காயோடு நின்றார்கள். கோகிலா அக்கா ஒரு கையில் தேங்காய், மறு கையில் ஈர்க்குவாரியல். அதை அண்ணன்தான் முந்தின நாள் கொடுத்து, எதற்கு என்று சொல்லிவைத்திருந்தார். அம்மாவிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவள் அதற்கும் ஒரு நிபந்தனை கண்டுபிடிப்பாள் என்று பயம்.

மொந்தேரோ அதே மரத்தடியில் நின்றார். ஒரு கக்கத்தில் வெள்ளைக் கொடி, மறு கக்கத்தில் சிவப்பு.

செங் பக்கத்துத் திருப்பத்தில் ஆரவாரம் எழுந்தது. நான் எட்டிப் பார்த்தேன். அண்ணன் முன்னால் வந்தார். ஆனால் அவர் கணக்குப் போட்டிருந்த தூரம் இல்லை. தோளுக்குப் பின்னாலேயே ஒஸ்மான். அந்த ஆண்டு ஒஸ்மானும் சும்மா இருக்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி நிற்கும் இடம்கூட இல்லை. இப்போது நின்றால் பந்தயம் போய்விடும். நிற்காவிட்டால் தேங்காய்ச் சில்லு. அண்ணன் என்ன செய்யப்போகிறார் என்று அவருடைய முகத்தைப் பார்த்தேன். அதில் யோசனை எதுவுமே இல்லை. எப்போதோ முடிவு செய்துவிட்டவரின் முகம்.

அம்மா தேங்காயைத் தலைக்கு மேல் தூக்கினாள். இருபது கைகள் கூடவே உயர்ந்தன.

அண்ணன் வாசலுக்கு நேரே வந்து, சட்டென்று நின்றார். இரண்டு கையையும் அகலமாக விரித்தார்.

"பொறுங்க! யாரும் உடைக்காதீங்க! ஒஸ்மான் போவட்டும்!"

தூக்கிய தேங்காய்கள் தூக்கியபடியே நின்றன. ஒஸ்மான் ஒன்றும் புரியாமல் அண்ணனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே கடந்தார். "அப்பா ஹால், மருது?" என்று கேட்டார், என்ன ஆச்சு என்று.

"ஒண்ணுமில்ல, நீ போ! அம்மாவைப் பாத்துட்டு வர்றேன்!"

ஒஸ்மான் கோயில் பக்கம் போனதும் அண்ணன் கையைக் கீழே போட்டார். "இப்ப உடைம்மா."

"ஏன்டா நிக்கிறே? போடா! அவன் போறான்டா!" அம்மா பதறினாள்.

"நீ கடக்கிறப்ப உடைக்கணும்னு சொன்னியே. கடந்துகிட்டுத்தானே இருக்கேன். உடை."

அம்மா அடித்தாள். இருபத்தொன்றும் ஒரே சமயத்தில் வெடித்ததுபோல் இருந்தது. ரோடு முழுக்க வெள்ளைச் சில்லும் நாரும் தண்ணீருமாக இறைந்தது. கோகிலா அக்கா குனிந்து ஒரே வீச்சில் நடுவில் ஒரு பாதை பெருக்கினார். அம்மா ஓடிவந்து அண்ணனின் வியர்த்த நெற்றியில் திருநீற்றை அப்பினாள். மொந்தேரோ மரத்தடியிலிருந்து ரோட்டின் பாதிக்கு வந்து, குனிந்து, அண்ணனின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் தரையில் பதிந்திருந்தன.

"ஜாலான்!" என்று கோகிலா அக்கா கத்தினார்.

அண்ணன் பெருக்கிய பாதையில் காலை வைத்தார். முதல் அடியிலேயே முழு வேகம்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு குறுக்குச் சந்துகள் வழியாகப் பாலத்துக்குப் போனேன். அங்கே நானா கடையை மூடிவிட்டு நின்றிருந்தார். ஒஸ்மான் முதலில் வந்தார். ஆனால் அவரால் நிம்மதியாக நடக்க முடியவில்லை. நான்கு அடிக்கொரு முறை திரும்பிப் பார்த்தார். எதற்கென்று தெரியாமல் ஒருவன் தனக்கு வழி விட்டால், அவன் மனத்தில் என்ன வைத்திருக்கிறான் என்று தோன்றும் அல்லவா? திரும்பித் திரும்பிப் பார்த்ததில் அவருடைய அடி தப்பியது. பாலத்து நடுவர் வெள்ளைக் கொடியைக் காட்டினார். அதன் பிறகு ஒஸ்மான் வேகத்தைக் குறைத்து, காலைப் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டியதாயிற்று.

பாலத்தின் இந்தப் பக்கம் அண்ணன் தெரிந்தார். தலையும் தோளும் அசையவில்லை. நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து மூக்கின் மேல் வழிந்திருந்தது.

"தம்பி, ஆறிப்போவுதுடா!" என்று நானா கத்தினார்.

அண்ணன் சிரித்தது எனக்குத் தெரிந்தது.

நான் சைக்கிளில் பாடாங் போய்ச் சேர்ந்தபோது, கடைசி நீளத்தில் இருவரும் சமமாக வந்தார்கள். மொந்தேரோவை யாரோ மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். அவர் கயிற்றை ஒட்டி அவர்களோடு கூடவே ஓடிவந்தார், முதுகு வளைந்து, கண்ணைக் காலில் வைத்து. அவர் மட்டுமல்ல. அன்று அந்த மைதானத்தில் யாருமே முகத்தைப் பார்க்கவில்லை. ஓட்டக்காரர் என்று சொன்னவர்கள், அதைக் கேட்டவர்கள், நம்பியவர்கள் எல்லாரும் அண்ணனின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குதிகால் பதிந்தது, விரல் எழுந்தது, அது எழுவதற்குள் மறு குதிகால் பதிந்தது. கடைசிப் பத்தடியில் ஒஸ்மானைத் தோளளவு முந்திக் கோட்டைக் கடந்தார்.

கைதட்டலை அவர் கவனிக்கவில்லை. நேராக மொந்தேரோவிடம் போனார். மூச்சு இரைக்க, ஊர் கேட்கும்படி மலாயில் கேட்டார்.

"துவான், எனக்குக் கொடி உண்டா?"

மொந்தேரோவுக்கும் மூச்சு இரைத்தது. இரண்டு கொடிகளையும் கக்கத்திலிருந்து எடுத்து, சுருட்டியது சுருட்டியபடியே உயர்த்திக் காட்டினார். "உன் வீட்டு வாசல்லேருந்து பாடாங்வரைக்கும் நான் இதைப் பிரிக்கவே இல்லை. நின்னதுக்கு ஒரு கொடி இருந்திருந்தா அதை மட்டும் காட்டியிருப்பேன்."

ஒஸ்மான் வந்து அண்ணனின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "அடுத்த தடவை நிக்கிறதா இருந்தா முன்னாலயே சொல்லு. திரும்பிப் பாத்துப் பாத்து என் கழுத்து போச்சு."

முன்வரிசைக் கிராணிகள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். ஓட்டக்காரரே என்று முதலில் கூப்பிட்டவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அண்ணன் போய் அவருக்கு எதிரே நின்றார். கேன்வாஸ் சப்பாத்தில் தேங்காய் நாரும் தார்ப் புழுதியும் ஒட்டியிருந்தன.

ஜெயபாலன் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "உக்காரு மருது, உக்காரு. கால் ஆடுது பாரு."

"இருய்யா" என்றார் அண்ணன். "எல்லாரும் நல்லாப் பாத்துக்கட்டும்."